ஹீ, ஷீ, இட் வந்தால் வினைச்சொல்லில் எஸ்: உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும்

தமிழில் நான் வருகிறேன், நீ வருகிறாய், அவன் வருகிறான், அவள் வருகிறாள், அது வருகிறது என்று ஆளுக்கொரு விகுதி உண்டு. ஆங்கில நிகழ்காலத்தில் அந்த வேலை கிடையாது. ஐ, யூ, வீ, தே என எது முன்னால் வந்தாலும் ‘கம்’ என்பது ‘கம்’தான். படர்க்கை ஒருமைக்கு மட்டும், அதாவது ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும், கடைசியில் ஓர் எஸ் ஒட்ட வேண்டும். இத்தனை விகுதிகளைப் பிசகாமல் பேசுகிற நமக்கு இந்த ஒற்றை எஸ் ஏன் நழுவுகிறது? விட்டாலும் பொருள் கெடாது என்பதால்தான். ‘ஹீ’ என்ற சொல்லே ஆள் யாரென்று காட்டிவிடுகிறது. எஸ் புதிதாக எதையும் சொல்வதில்லை, அதனால் நாக்கு அதைக் கழற்றிவிடுகிறது. கேட்பவர் காதிலோ அது உடனே இடறும்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கற்ற மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1973-ல் வெளியிட்ட ஆய்வில் 14 இலக்கண உருபுகளை, குழந்தைகள் பிடித்துக்கொண்ட வரிசைப்படி அடுக்கினார். பன்மைக்கு வரும் எஸ் 4-ஆவது இடம், உடைமையைக் காட்டும் எஸ் 6-ஆவது இடம், வினைச்சொல்லில் வரும் எஸ் 10-ஆவது இடம். மூன்றுக்கும் உச்சரிப்பு விதி ஒன்றே. ஆனாலும் வினைச்சொல் எஸ் கடைசியாகத்தான் வந்தது. ஆகவே பிழை வந்தால் சலிக்க வேண்டாம், பழக்கத்தால் சரியாகும்.

எஸ் யாருக்கு?

எழுவாயைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஹீ, ஷீ, இட் மூன்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் எஸ் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதில் தமிழர்கள் குறிப்பாகச் சறுக்கும் இடம் மரியாதை. அப்பா வருகிறார், டாக்டர் சொல்கிறார், கலெக்டர் பேசுகிறார் என்று நாம் பன்மைச் சாயலில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. அப்பா ஒருவர்தான், அவர் ‘ஹீ’தான், ஆகவே எஸ் வேண்டும். ‘மை ஃபாதர் ஒர்க் இன் எ பேங்க்’ என்று சொன்னால் மரியாதை கூடாது, பிழைதான் மிஞ்சும். ‘ஒர்க்ஸ்’ என்பதே சரி.

இன்னும் சில எழுவாய்கள் நம்மை எதிர்த்திசையில் இழுக்கும். ‘எவ்ரிஒன்’ என்றால் எல்லாரும், தமிழில் பன்மை. ஆங்கிலத்தில் அது ஒருமை, எஸ் வரும். ‘நியூஸ்’ என்ற சொல்லில் எஸ் இருந்தாலும் அது ஒருமை, அதற்கும் வினையில் எஸ் வரும். ‘பீப்பிள்’ சொல்லில் எஸ் இல்லை, ஆனால் பன்மை. ‘போலீஸ்’ என்பதும் ஆங்கிலத்தில் பன்மைதான். இந்த இரண்டுக்கும் வினையில் எஸ் கூடாது. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்று தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் பன்மைச் சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. எழுவாய் ‘ஒன்’, ஆகவே வினைக்கு எஸ் வேண்டும்.

துணைவினைகளில் கேன், வில், மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்கு எஸ் எப்போதும் கிடையாது. அவற்றை அடுத்து வரும் வினைக்கும் கிடையாது: ஹீ கேன் ஸ்விம். கேள்வியிலும் எதிர்மறையிலும் எஸ்ஸை ‘டு’ என்ற துணைவினை வாங்கிக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிடும். வாங்கிய பிறகு முதன்மை வினையில் அது மறுபடி வரக் கூடாது. ‘ஹீ டஸன்ட் கோஸ்’ என்பதும் ‘டஸ் ஷீ ஒர்க்ஸ்?’ என்பதும் ஒரே எஸ்ஸை இரண்டு முறை செலவழிக்கும் பிழை. டஸன்ட் கோ, டஸ் ஷீ ஒர்க் என்று சொல்ல வேண்டும். ‘டாக்டர் பரிந்துரைக்கிறார், அவன் ஓய்வெடுக்க வேண்டுமென்று’ என்ற பொருளில் ‘தட் ஹீ ரெஸ்ட்’ என்று எஸ் இல்லாமல் வரும் ஒரு தனி அமைப்பும் உண்டு. முறையான எழுத்தில் அதைக் கண்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

காது முதலில், எழுத்து பிறகு

பல வகுப்புகளில் முதலில் எழுத்துக்கூட்டல் விதியை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அது தலைகீழ் வழி. ஒலி பிடிபட்டால் எழுத்துக்கூட்டலில் பாதி தானாக வந்துவிடும்.

எழுத்தில் எஸ் என்று ஒன்றாகத் தெரிவது வாயில் மூன்றாகப் பிரிகிறது. முதலாவது ‘ஸ்’. குழந்தையை ‘உஸ்’ என்று அடக்கும்போது கேட்கிற, வெறும் காற்றால் ஆன ஒலி. இரண்டாவது, நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டு தொண்டையை அதிரவிட்டால் வருவது. ஆங்கில இசட் எழுத்தின் ஒலி, தேனீயின் ரீங்காரம் போன்றது. தமிழில் இதற்கு எழுத்து இல்லாததால் இங்கிருந்து இதை ‘ஃஸ்’ என்று குறிக்கிறோம். மூன்றாவது, அதற்கு முன்னால் ஒரு குட்டி இகரம் சேர்ந்த ‘இஃஸ்’. இது ஓர் அசையைக் கூட்டிவிடும்.

முதல் இரண்டின் வேறுபாட்டைக் கையால் தொட்டே பார்க்கலாம். இரண்டு விரல்களைக் குரல்வளை மேல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள், அசைவு இருக்காது. ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள், விரலில் அதிர்வு தெரியும். இப்போது ‘ம்ம்ம்’ அதிர்வை நிறுத்தாமல் வாயைத் திறந்து நாக்கை ‘ஸ்’ இடத்துக்குக் கொண்டுபோங்கள். வருவதுதான் ‘ஃஸ்’. ஐந்தாறு முறை செய்தால் பிடிபட்டுவிடும்.

எந்த வினைக்கு எந்த ஒலி? ஆங்கிலப் பாடநூல்கள் ஒலிக்குறிகளைப் பட்டியல் போடும். தமிழ் இலக்கணம் கொஞ்சம் படித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. நமக்கு உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் தெரியும், அதுவே போதும். வினைச்சொல்லைச் சொல்லிப் பார்த்து, அது எந்த ஒலியில் முடிகிறது என்று கேளுங்கள்.

உயிரொலியில் முடிந்தால் ஃஸ்: கோஃஸ், சீஃஸ், ட்ரைஃஸ், ப்ளேஃஸ், நோஃஸ். மெல்லினத்தில் முடிந்தால் ஃஸ்: கம்ஃஸ், ரன்ஃஸ், சிங்ஃஸ். இடையினத்தில் முடிந்தால் ஃஸ்: கால்ஃஸ், ஃபீல்ஃஸ், கிவ்ஃஸ், லிவ்ஃஸ், ஹியர்ஃஸ். காரணம் எளிது. இந்த ஒலிகள் எல்லாவற்றிலும் தொண்டை ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கிறது, எஸ் வரும்போது அந்த அதிர்வு அப்படியே தொடர்கிறது. இவற்றில் விதிவிலக்கே இல்லை. எஸ் என்று எழுதியிருப்பதால் ‘ஸ்’ என்று சொல்வதுதான் நம்மிடம் அதிகம் கேட்கும் பிழை. உயிர், மெல்லினம், இடையினம் மூன்றுக்கும் ‘ஃஸ்’ என்று பழகிக்கொள்ளுங்கள்.

பிழையாகச் சொன்னால் சில இடங்களில் சொல்லே மாறிவிடும். ப்ளேஃஸ் என்றால் விளையாடுகிறான், ப்ளேஸ் என்றால் இடம். பேஃஸ் என்றால் பணம் கொடுக்கிறான், பேஸ் என்றால் நடையின் வேகம். டைஃஸ் என்றால் இறக்கிறான், டைஸ் என்றால் தாயக்கட்டை. சீஃஸ் என்றால் பார்க்கிறான், சீஸ் என்றால் ஓய்வது, நின்றுபோவது.

இந்த இணைகளை வேறுபடுத்த ரீங்காரத்தைப் பலமாகப் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆங்கிலேயர்கள் பேசும்போது சொல்லின் கடைசியில் ஃஸ் பாதி மங்கித்தான் ஒலிக்கும். அவர்கள் காது முக்கியமாகப் பிடிப்பது அதற்கு முன்னால் வரும் உயிரின் நீளத்தை. ப்ளேஃஸ் என்பதில் ஏகாரம் நன்றாக நீளும், ப்ளேஸ் என்பதில் சட்டென்று நறுக்கப்படும். ஆகவே உயிரை நீட்டிவிட்டு, ஃஸ்ஸை மென்மையாக விட்டால் போதும். அதுவே இயல்பாகவும் கேட்கும்.

ச குடும்பம்

வல்லினத்தில் சகரத்தை மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள். அதோடு ஸ, ஷ, ஜ, ஃஸ, க்ஸ எல்லாம் சேர்ந்தது ஒரு குடும்பம். சீறுகிற ஒலிகள். இவற்றில் முடியும் வினைக்கு ‘இஃஸ்’: பாஸிஃஸ், வாஷிஃஸ், டீச்சிஃஸ், சேஞ்ஜிஃஸ், ரைஃஸிஃஸ், ஃபிக்ஸிஃஸ். ஒரு சீறலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சீறல் வந்தால் இரண்டும் கலந்து காதில் பிரியாது, அதனால் நடுவில் ஓர் இகரம் புகுகிறது. தமிழில் மணியும் அடித்ததும் சேர்ந்தால் இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரம் வந்து மணியடித்தது ஆகிறதே, அந்த உடம்படுமெய்யின் மறுபக்கம் இது. அங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவே மெய், இங்கே இரண்டு சீறல்களுக்கு நடுவே உயிர்.

அந்த இகரம் குறுகியது, அழுத்தமில்லாதது. ‘வாஷீஸ்’ என்று நீட்டவோ ‘வாஷெஸ்’ என்று எகரத்தில் அழுத்தவோ கூடாது. அழுத்தம் முழுவதும் முதல் அசையில் விழ வேண்டும்.

ஓர் அசை கூடுவது இந்தக் குடும்பத்தில் மட்டுமே. வேறெங்கும் எழுத்தில் ஈ-எஸ் கண்டாலும் அசை கூடாது. கோ ஓரசை, கோஃஸ் ஓரசை, ‘கோயெஸ்’ இல்லை. ட்ரை ஓரசை, ட்ரைஃஸ் ஓரசை, ‘ட்ரையீஸ்’ இல்லை. கேரி ஈரசை, கேரிஃஸ் அதே ஈரசை.

மீதியுள்ள வல்லினம்

இனி மிச்சம் க், ட், த், ப் நான்கும் ஃப் ஒலியும்தான். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, அதற்குக் காரணம் நம் எழுத்து. தமிழில் ‘கேப்’ என்று எழுதினால் அது தலையில் போடும் தொப்பியா, ஏறிப்போகும் வாடகை வண்டியா? இரண்டுக்கும் அதே எழுத்து. ‘ரைட்’ என்று எழுதினால் எழுதுவதா, சைக்கிள் ஓட்டுவதா? ‘லாக்’ என்றால் கதவைப் பூட்டுவதா, கணினியில் லாகின் செய்வதா? தமிழில் வல்லினம் அதிர்வதும் அதிராததும் அது வரும் இடத்தைப் பொறுத்தது, எழுத்தில் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு ஒலிகள், வெவ்வேறு எழுத்துகள்.

ஆகவே இந்த நான்குக்கு மட்டும் தமிழ்க் காதை நம்பாமல் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். வினை பி-யில் முடிகிறதா பீ-யில் முடிகிறதா என்று தமிழில் எழுதிக் காட்டவே முடியாது என்பதே சிக்கலைச் சொல்லிவிடும். பென்சில் என்ற சொல்லின் முதலெழுத்து, டீ, கே, சி ஆகியவற்றில் ஒன்று கடைசி ஒலியைத் தந்தால் எஸ் ‘ஸ்’ ஆகும்: ஹெல்ப்ஸ், ஈட்ஸ், ஒர்க்ஸ். பஸ் என்ற சொல்லின் முதலெழுத்து, டாக்டர் என்பதன் முதலெழுத்து, கேட் என்ற வாசற்கதவின் முதலெழுத்து ஆகியவற்றில் ஒன்று தந்தால் ‘ஃஸ்’ ஆகும்: துடைக்கிற ‘ரப்’ ரப்ஃஸ், படிக்கிற ‘ரீட்’ ரீட்ஃஸ், கெஞ்சுகிற ‘பெக்’ பெக்ஃஸ்.

எழுதுகிறான் என்பது ரைட்ஸ், ஓட்டுகிறான் என்பது ரைட்ஃஸ். இங்கும் அதே உயிர் நீளம் கைகொடுக்கும். ஓட்டுகிறவனின் ஐகாரம் நீளும், எழுதுகிறவனின் ஐகாரம் குறுகும்.

மெல்லினத்தை ஒட்டி வரும் வல்லினத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ங்க, ண்ட, ந்த, ம்ப என்று வந்தால் வல்லினம் எப்போதும் அதிர்ந்தே ஒலிக்கும். தங்கம், வண்டி, பந்து, அம்பு எல்லாமே அப்படித்தான். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் நுழைந்தால் திங்க், வான்ட், ஜம்ப், ட்ரிங்க், பெயின்ட் எல்லாம் கெட்டுப்போகும். இவற்றின் கடைசி ஒலி அதிரக் கூடாது. திங்க்ஸ் என்பதை அதிரவிட்டால் பொருள்கள் என்ற சொல்லாகிவிடும். மெல்லினத்தைச் சொன்னதும் தொண்டையை நிறுத்துங்கள், பிறகு வெறும் காற்றோடு க்ஸ், ட்ஸ், ப்ஸ் என்று முடியுங்கள். அனுப்புகிற ‘சென்ட்’ போன்றவை டாக்டர் எழுத்தில் முடிபவை, அங்கே நம் பழக்கமே சரி: சென்ட்ஃஸ்.

ஃப் ஒலி அதிராதது, ஆகவே ‘ஸ்’: லாஃப்ஸ், காஃப்ஸ். இந்த இரண்டும் ஜி-ஹெச் என்று முடிந்தாலும் ஒலி ஃப் என்பதைக் கவனியுங்கள். அதே ஜி-ஹெச் எடைபோடும் ‘வெய்’, பெருமூச்சு விடும் ‘சை’ ஆகியவற்றில் ஊமை. அங்கே சொல் உயிரில் முடிகிறது, ஆகவே ஃஸ். மலையேறும் ‘க்ளைம்’ பஸ்ஸின் முதலெழுத்தில் முடிந்தாலும் அந்த எழுத்து ஊமை, சொல் மெல்லினத்தில் முடிகிறது: க்ளைம்ஃஸ். கையெழுத்திடும் ‘சைன்’ கதையும் அதுவே. வலிக்கிறது என்னும் ‘ஏக்’ என்ற வினை எழுத்தில் சி-ஹெச்-ஈ என்று முடியும். பார்த்தவுடன் ‘டீச்’ போலத் தெரியும். ஒலி க், ஆகவே ஏக்ஸ், ஓரசை. த் ஒலியில் முடியும் வினைகளில் புழக்கத்தில் உள்ளவை ப்ரீத், பேத், சூத் போன்றவை. மூன்றும் ஈ எழுத்தில் முடிபவை, மூன்றும் அதிர்பவை, ஃஸ்தான் வரும்.

விதிக்கு அடங்காத நான்கு

இஃஸ், ஹேஃஸ், டஃஸ், செஃஸ். நான்கையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ‘ஹேவ்’ என்பது ‘ஹேவ்ஸ்’ ஆகாது, வகரம் உதிர்ந்து ஹேஃஸ் ஆகும். டு-வும் கோ-வும் எழுத்தில் ஒரே மாதிரி ஓ-ஈ-எஸ் என்று முடிந்தாலும் ஒன்று டஃஸ், மற்றது கோஃஸ். ‘ஸே’ என்பது எழுத்தில் ‘ப்ளே’ போலவே எஸ் சேர்த்துக்கொள்ளும், உச்சரிப்பில் மட்டும் குறுகி ‘செஃஸ்’ ஆகும். ‘ஸேஸ்’ என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். ஒரு நாளில் பலமுறை வாயில் வரும் சொல் என்பதால் இதை முதலில் திருத்திக்கொள்வது நல்லது.

1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் இந்த எஸ்ஸே இல்லை. அங்கே ஹேத், டத், செத் என்று ‘த்’ விகுதி இருக்கும். எஸ் விகுதி வட இங்கிலாந்தின் பேச்சிலிருந்து தெற்கே பரவி அதை ஓரங்கட்டியது. இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள நார்ஃபக் பகுதியின் மரபான பேச்சில் விகுதியே இல்லாமல் ‘ஷீ கோ’ என்பார்கள். வட்டார வழக்காக அது சரி. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் நாம் எழுத வேண்டியது பொது ஆங்கிலம், அதில் எஸ் கட்டாயம்.

இப்போது எழுதுவது

அடிப்படை இதுதான்: எஸ் மட்டும் சேருங்கள். வேறெதையும் தொடாதீர்கள். ‘ரன்’ என்பதற்கு என் எழுத்தை இரட்டிக்க வேண்டாம், ‘ரைட்’ என்பதன் ஈ எழுத்தை நீக்க வேண்டாம். இரட்டிப்பதும் நீக்குவதும் ஐ-என்-ஜி சேர்க்கும்போது நடக்கும் வேலை. அதை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறார்கள்.

ச குடும்பத்தில் காது ஓர் அசை கூடுதலாகக் கேட்கிறது. அந்த அசைக்கு எழுத்தில் ஓர் ஈ வேண்டும். சொல்லில் ஏற்கெனவே ஈ இருந்தால் எஸ் மட்டும் போதும்: சேஞ்ஜ், டான்ஸ், க்ளோஃஸ், யூஃஸ், ஜட்ஜ். ஈ இல்லாவிட்டால் ஈ-எஸ் சேருங்கள்: பாஸ், வாஷ், டீச், ஃபிக்ஸ், பஸ்ஸர் அடிப்பதைக் குறிக்கும் ‘பஃஸ்’. ‘க்விஃஸ்’ போல உயிரெழுத்தை அடுத்து ஒற்றை இசட்டில் முடிவதற்கு மட்டும் இசட்டை இரட்டித்து ஈ-எஸ் போட வேண்டும். பொறுத்துக்கொள்வது என்ற பொருளில் வரும் ‘ஸ்டமக்’ சி-ஹெச்-சில் முடிந்தாலும் ஒலி க், அசை கூடாது, ஆகவே எஸ் மட்டும். காது சொன்னபடியே எழுத்தும் நடக்கிறது.

காதுக்குத் தெரியாத விதிகள் இரண்டே. ஒன்று ஒய். வினை ஒய்-யில் முடிந்து, அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால் ஒய்-ஐ எடுத்துவிட்டு ஐ-ஈ-எஸ் போடுங்கள். ஸ்டடி, கேரி, ட்ரை, க்ரை, காப்பி, ஃப்ளை எல்லாம் இப்படி. முன்னால் ஏ, ஈ, ஓ, யூ ஆகிய உயிரெழுத்துகளில் ஒன்று இருந்தால் ஒய் அசையாது, எஸ் மட்டும் சேரும்: ப்ளே, ஒபே, என்ஜாய், வாங்குகிற ‘பை’. ‘ட்ரை’யும் ‘பை’யும் காதுக்கு ஒரே மாதிரி ஐகாரத்தில் முடிவதால் இங்கே ஒலியை நம்ப முடியாது. கண்ணால் ஒய்-க்கு முந்திய எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பொய் சொல்லும் ‘லை’, இறக்கும் ‘டை’, கட்டும் ‘டை’ மூன்றிலும் ஒய் கிடையாது. ஏற்கெனவே ஐ-ஈ என்று முடிகின்றன, எஸ் மட்டும் போதும்.

மற்றொன்று ஓ. மெய்க்குப் பின் ஓ வந்து முடிந்தால் ஈ-எஸ்: கோ, டு, எக்கோ, வீட்டோ, அண்டர்கோ. உச்சரிப்பில் அந்த ஈ ஒலிப்பதில்லை.

அபாஸ்ட்ரஃபி, அதாவது மேலே போடும் காற்புள்ளி, வினைச்சொல் எஸ்ஸுக்கு ஒருபோதும் வராது. கடைப் பலகைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ‘ரன்’ என்று எழுதிக் காற்புள்ளி போட்டு எஸ் எழுதுவதைப் பார்க்கலாம். தவறு. ‘லெட்ஸ்’ ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘வா, போகலாம்’ என்ற பொருளில் அது ‘லெட் அஸ்’ என்பதன் சுருக்கம், அங்கே காற்புள்ளி உண்டு. ‘அவன் என்னைப் போகவிடுகிறான்’ என்ற பொருளில் அது சாதாரண வினை, காற்புள்ளி கிடையாது.

மெய்கள் குவியும் இடம்

தமிழில் வல்லின மெய் சொல்லின் ஈற்றில் வராது. அதனால் பேங்க் என்பது பேங்க்கு ஆகிறது, பஸ் என்பது பஸ்ஸு ஆகிறது. அதே உகரம் ‘ஒர்க்ஸு’, ‘ஆஸ்க்ஸு’ என்று இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. இல்லையென்றால் எஸ்ஸே காணாமல் போகிறது. இரண்டுக்கும் மருந்து புணர்ச்சி. உயிர் என்ற சொல்லோடு எழுத்து சேர்ந்தால் ரகரத்தின் மேல் எகரம் ஏறி உயிரெழுத்து ஆகிறதல்லவா? ஆங்கிலத்திலும் அப்படியே பேசுகிறார்கள். ‘ஒர்க்ஸ் இன்’ என்பதை ஒர்க்-சின் என்றும், ‘லிவ்ஃஸ் இன்’ என்பதை லிவ்-ஃஸின் என்றும், ‘ஆஸ்க்ஸ் அஸ்’ என்பதை ஆஸ்க்-சஸ் என்றும் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். எஸ் அடுத்த சொல்லின் தலைக்குப் போய்விடுவதால் உகரத்துக்கு இடமில்லை, எஸ்ஸும் தொலையாது. அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் மூச்சை நிறுத்தாமல் ஸ்ஸிலிருந்து நேராக அதற்குள் போய்விடுங்கள். ஆஸ்க்ஸ், டெஸ்ட்ஸ், காஸ்ட்ஸ் போன்றவற்றில் வேகமாகப் பேசும்போது ஆங்கிலேயர்களே நடு மெய்யை விழுங்கி ஸ்ஸை நீட்டிவிடுவார்கள். நீங்களும் நடு மெய்யை மங்கவிடலாம், கடைசி எஸ்ஸை மட்டும் விடாதீர்கள்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

மை மதர் வேக்ஸ் அப் அட் ஃபைவ். ஷீ வாஷிஃஸ் த ரைஸ், பாயில்ஃஸ் த மில்க் அண்ட் பேக்ஸ் மை லன்ச். ஷீ கேட்சிஃஸ் த பஸ், டீச்சிஃஸ் டில் ஃபோர், பைஃஸ் வெஜிடபிள்ஃஸ் அண்ட் கேரிஃஸ் தெம் ஹோம்.

வேக் கே ஒலியில் முடிகிறது, ஸ். எழுத்தில் ஈ ஏற்கெனவே இருக்கிறது, எஸ் மட்டும். அடுத்து ‘அப்’ உயிரில் தொடங்குவதால் வேக்-சப். வாஷ் ச குடும்பம், அசை கூடுகிறது, ஈ இல்லை, ஆகவே ஈ-எஸ். பாயில் இடையினம், ஃஸ். பேக் கே எழுத்து, ஸ். கேட்ச், டீச் இரண்டும் ச குடும்பம், ஈ-எஸ். பை உயிரில் முடிகிறது, ஃஸ். எழுத்தில் ஒய்-க்கு முன் யூ இருப்பதால் எஸ் மட்டும். கேரி உயிரில் முடிகிறது, ஃஸ். எழுத்தில் ஒய்-க்கு முன் ஆர் இருப்பதால் ஐ-ஈ-எஸ், அசை கூடவில்லை. வெஜிடபிள்ஃஸ் வினையில்லை, பெயர்ச்சொல்லின் பன்மை. அதற்கும் இதே ஒலி விதி, லகரத்துக்குப் பின் ஃஸ்.

இதேபோல் உங்கள் ஒரு நாளை ‘ஐ’ வைத்துப் பத்து வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அதையே ‘ஷீ’ வைத்து மாற்றுங்கள். மாற்றியதைப் படித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது மற்ற இலக்கணம் எதையும் பார்க்காதீர்கள், எஸ் இருக்கிறதா என்று மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது ஸ்ஸா, ஃஸ்ஸா, இஃஸ்ஸா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்த முயன்றால் இரண்டும் நழுவும். ஆங்கில நாளிதழின் தலைப்புகளும் கிரிக்கெட் வர்ணனையும் இதற்கு நல்ல தீனி. இரண்டிலும் நடந்ததை நிகழ்காலத்திலேயே சொல்வார்கள், படர்க்கை ஒருமை வரிக்கு வரி வரும். தினம் ஐந்து தலைப்புகளை எடுத்து, வினையில் எஸ் இருந்தால் அதன் மேல் மூன்று ஒலிகளில் எது என்று பென்சிலால் குறித்துவிட்டு, உரக்கப் படியுங்கள்.

விதி உள்ளே இறங்கிவிட்டதா என்று அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் ஜீன் பெர்கோ 1958-ல் வெளியிட்ட ஆய்வில் சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் இல்லாத, கற்பனையாகப் புனைந்த சொற்களைக் கொடுத்து விகுதி சேர்க்கச் சொன்னார். முன்பு கேட்டிராத சொல் என்பதால் நினைவிலிருந்து எடுக்க முடியாது, விதி தெரிந்தால்தான் சொல்ல முடியும். நீங்களும் செய்து பாருங்கள். கே-யில் முடியும் ஸ்மூக், எஸ்-ஹெச்-சில் முடியும் ஃப்ரோஷ், வி-யும் ஈ-யும் சேர்ந்து முடியும் ட்ரேவ், ஆர்-க்குப் பின் ஒய் வரும் க்விரி, ஜி-யில் முடியும் நெக் ஆகிய ஐந்தையும் ‘எவ்ரி டே ஹீ’ என்று தொடங்கிச் சொல்லுங்கள், எழுதுங்கள். ஸ்மூக்ஸ், எஸ் மட்டும். ஃப்ரோஷிஃஸ், ஈ-எஸ். ட்ரேவ்ஃஸ், எஸ் மட்டும். க்விரிஃஸ், ஒய் போய் ஐ-ஈ-எஸ். நெக்ஃஸ், எஸ் மட்டும், எகரத்தைக் கொஞ்சம் நீட்டி.